பயன் கருதிய வாசிப்பும் பக்திவிருத்தியும்: ஹாலே முதல் தஞ்சை வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ சமய வாழ்வில் மறைநூல் வாசிப்பு தகவல் அறிவதற்கான செயலாக மட்டும் கருதப்படவில்லை. வாசிப்பவரை உருமாற்றும் பயிற்சியாகவும் அது வகுக்கப்பட்டது. ஐரோப்பிய மடங்களில் உருவான இப்பயிற்சி, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹாலே நகரில் எளிய மக்களுக்கான வாசிப்பு முறையாக மாற்றம் பெற்று, 1706இல் தரங்கம்பாடி வழியாகத் தமிழ்ச் சூழலுக்குள் நுழைந்தது. இங்கு ஏற்கெனவே கேட்டல், மனனம், சிந்தித்தல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட வலுவான கற்றல் மரபு இருந்தது. இவ்விரு மரபுகளும் சந்தித்தபோது உருவான வாசகர், நூலைப் பெற்றுக்கொள்பவராக மட்டும் நின்றுவிடவில்லை. நூலின் மீது உரிமை கோருபவராகவும் வளர்ந்தார். ஆயினும், அம்மரபே வகுத்துக்கொண்ட 'வாழ்வில் பொருத்துதல்' என்னும் அளவுகோலின்படி, சாதியை எதிர்கொள்வதில் அவ்வாசிப்பு தடைப்பட்டு நின்றது. இக்கட்டுரை இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறைநூல் வாசிப்பு, பக்திவிருத்தி, ஹாலே, தரங்கம்பாடி, சீகன்பால்கு, ஃபிராங்கே, இராஜநாயக்கன், ஃபப்ரிசியுஸ், வேதநாயகம் சாஸ்திரியார்

முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றை எழுதியோர் நூல்களையும் அச்சகங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எந்த ஆண்டில் எந்நூல் வெளிவந்தது, எழுத்துருக்கள் எங்கு வார்க்கப்பட்டன, தாள் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களுக்கு விடைகள் பெரும்பாலும் கிடைத்துள்ளன. அந்நூல்கள் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்னும் வினா இவற்றிலிருந்து வேறானது. ஒரு நூல் அச்சிடப்பட்டதனாலேயே அது வாசிக்கப்பட்டதாகாது. வாசிக்கப்பட்டதனாலேயே அது எதிர்பார்த்த பயனை விளைவித்ததாகவும் ஆகாது.

18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர்கள் வாசிப்பின் பயன் குறித்துத் தெளிவான கோட்பாடு ஒன்றைக் கொண்டிருந்தனர். அக்கோட்பாட்டை அறியாமல் அவர்கள் பள்ளிகளுக்கும் அச்சகத்துக்கும் அளித்த முதன்மையை விளங்கிக்கொள்ள இயலாது. அதுபோலவே, அக்கோட்பாடு தமிழ் வாசகரின் கையில் அடைந்த மாற்றத்தைக் கருதாமல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைக் கிறித்தவர்கள் விவிலிய மொழிபெயர்ப்பு ஒன்றை ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தனர் என்பதையும் விளங்கிக்கொள்ள இயலாது. ஆகவே கோட்பாட்டின் தோற்றத்திலிருந்து அதன் தமிழ்ப் பயணத்தை நோக்கிக் கட்டுரை நகர்கிறது.

மடங்களின் வாசிப்பு: ஏணியும் அசைபோடுதலும்

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்டு தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்குநூலின் 48ஆம் இயல், உடலுழைப்புக்கும் மறைநூல் வாசிப்புக்கும் தனித்தனி நேரங்களை ஒதுக்குகிறது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவியும் நூலகத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று, அதனை முதலிலிருந்து இறுதிவரை வரிசையாக வாசிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் எவரேனும் சோம்பியிருக்கின்றனரா என்று கண்காணிக்க மூத்தோர் ஓரிருவர் மடத்தைச் சுற்றிவர வேண்டும். நண்பகல் ஓய்வின்போது வாசிக்க விரும்புவோர் பிறர்க்கு இடையூறின்றி வாசிக்க வேண்டும் என்னும் விதியும் அதே இயலில் உண்டு. அக்காலத்தில் தனிவாசிப்பும் வாய்விட்டே நிகழ்ந்தது என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபைத் துறவியான இரண்டாம் கீகோ இவ்வாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைக்காட்சியில் அமைதல் என்பன அவை. வாசித்தல் உணவை வாயிலிடுவது. தியானித்தல் அதனை மெல்லுவது. மன்றாடுதல் அதன் சுவையைப் பெறுவது. இறைக்காட்சி அச்சுவையின் இன்பமே ஆவது என்பது அவருடைய உவமையின் சாரம். இடைக்கால இலத்தீன் ஆசிரியர்கள் தியானத்தைக் கால்நடைகள் இரையை அசைபோடுவதோடு ஒப்பிடுவது வழக்கம்.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வுவமை புதியதன்று. பவணந்தியாரின் நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்துமிடத்து அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கு உவமையாக்குகிறது. கிடைத்த புல்லை நிறைய மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவைப் போலக் கேட்டவற்றை மீண்டும் மீண்டும் நினைப்பவரே சிறந்த மாணாக்கர் என்பது உரையாளர் தரும் விளக்கம். சைவ சித்தாந்தமும் ஞானநெறியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காகப் பகுக்கிறது. இவ்வொப்புமைகளைக் கொண்டு ஒரு மரபு மற்றொன்றிலிருந்து பெற்றது என்று கூற இடமில்லை. ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கீகோவின் ஏணியில் முதற்படி வாசித்தல். சித்தாந்த வரிசையில் முதற்படி கேட்டல். ஆசிரியரின் வாய்மொழியே அறிவின் வாயில் என்பது தமிழ் மரபின் அடிப்படை. இவ்வேறுபாடு தரங்கம்பாடியில் நடைமுறைச் சிக்கலாக உருவெடுத்தது.

லூத்தர் முதல் ஃபிராங்கே வரை

மடத்துச் சுவர்களுக்குள் இருந்த வாசிப்பைச் சமயச் சீர்திருத்தம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 1522இல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டையும், 1529இல் குடும்பத் தலைவர்கள் தம் வீட்டாருக்குக் கற்பிக்கத்தக்க சிறிய ஞானோபதேச நூலையும் மார்ட்டின் லூத்தர் வெளியிட்டார். 1539இல் தம் ஜெர்மன் நூல்தொகுதிக்கு எழுதிய முன்னுரையில், இறையியல் கற்பதற்கான வழியாக மன்றாட்டு, தியானம், சோதனை ஆகிய மூன்றையும் அவர் குறிப்பிட்டார். மடத்து ஏணியின் உச்சிப்படியாகிய இறைக்காட்சி இங்கு இல்லை. அதனிடத்தில் வாழ்வின் சோதனை அமர்ந்துள்ளது. வாசித்தது உண்மையில் உள்ளத்தில் பதிந்ததா என்பதை நெருக்கடியில்தான் அறிய முடியும் என்பது இதன் உட்பொருள்.

ஆயினும் அடுத்த நூற்றாண்டில் லுத்தரன் திருச்சபை கோட்பாட்டு விவாதங்களில் தோய்ந்து, மக்களின் மறைநூல் அறிவை வளர்க்கத் தவறிவிட்டதெனப் பலர் வருந்தினர். ஃபிராங்க்ஃபுர்ட் நகரில் போதகராயிருந்த பிலிப் யாக்கோப் ஸ்பெனர் 1670இல் இறைப்பற்றுடையோரைச் சிறு குழுக்களாகக் கூட்டி வாசிப்பையும் உரையாடலையும் தொடங்கினார். 1675இல் அவர் வெளியிட்ட 'பியா தெசிதேரியா' திருச்சபைச் சீரமைப்புக்கு முன்வைத்த முதல் யோசனையே மறைநூலை மக்கள் மேலும் பரவலாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான். வீட்டு வாசிப்பு, ஆலயத்தில் நூல்களை வரிசையாக வாசித்தல், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரம் காட்டும் முறையில் பலரும் பேசும் கூட்டங்கள் ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தார். பயட்டிசம் எனப்படும் பக்தியெழுச்சி இயக்கம் இவ்வாறு உருப்பெற்றது.

இவ்வியக்கத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, வாசிப்பை ஒரு முறையியலாகவே வகுத்தார். 1693இல் மாணவர்க்காக அவர் இலத்தீனில் எழுதிய வழிகாட்டி நூல் மறைநூல் வாசிப்பை ஏழாகப் பகுக்கிறது. இலக்கணம், வரலாறு, பகுப்பாய்வு ஆகிய மூன்றும் எழுத்தைச் சார்ந்தவை. பொருள்விளக்கம், கோட்பாடு, உய்த்துணர்தல், வாழ்வில் பொருத்துதல் ஆகிய நான்கும் ஆவியைச் சார்ந்தவை. முன்னவை உமி என்றால் பின்னவை மணி. 1694இல் எளிய வாசகர்க்காக ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய சிறுநூல், மெய்யான பக்தி வளர்ச்சிக்காக மறைநூலை எவ்வாறு வாசிப்பது என்பதையே தலைப்பாகக் கொண்டது. மன்றாட்டோடு வாசித்தல், வாசித்ததை மன்றாட்டாக மாற்றுதல், அதனை வாழ்வில் செயற்படுத்துதல் ஆகியன அதன் மையம். கிரேக்கமும் எபிரேயமும் அறியாதவரும் வாசிப்பின் முழுப்பயனை அடையலாம் என்பது இதனால் உறுதியாக்கப்பட்டது.

இக்கொள்கைக்கு நிறுவன வடிவமும் கிடைத்தது. 1695இல் ஹாலேயில் ஏழைச் சிறுவர் பள்ளியைத் தொடங்கிய ஃபிராங்கே, பின்னர் அநாதையர் இல்லத்தையும் பல கல்விநிலையங்களையும் நிறுவினார். 1710இல் கான்ஸ்டைன் பிரபு அங்கு உருவாக்கிய விவிலிய நிறுவனம், கோத்த அச்செழுத்துகளைப் பிரிக்காமல் அப்படியே வைத்து மீண்டும் மீண்டும் அச்சிடும் முறையால் நூலின் விலையைக் குறைத்தது. பள்ளி, மலிவான நூல், வாசிப்பு முறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தரங்கம்பாடிக்குச் சென்றதும் இந்த மூன்றின் தொகுப்பே.

தரங்கம்பாடியில் இரு கற்றல் மரபுகள்

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில் பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். ஹாலேயில் சிறிதுகாலம் பயின்றவர் சீகன்பால்கு. வாசிப்பைக் கற்பிக்க வந்தவர் முதலில் தாமே வாசிக்கக் கற்க வேண்டியிருந்தது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதி அவர் தமிழ் பயின்றார்.

1708ஆம் ஆண்டளவில் அவர் கைக்கொண்ட பயிற்சி குறிப்பிடத்தக்கது. முற்பகலில் தமிழ்ப் புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கத் தமிழ் நூல்களை வாசித்தார். மாலையில் கண் களைத்தபோது பிறர் வாசிக்கக் கேட்டார். தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளை விளக்கும் 'பிப்ளியோதெக்கா மலபாரிக்கா' என்னும் நூற்பட்டியலை அவ்வாண்டிலேயே உருவாக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களை அது குறிப்பிடுகிறது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்ததும் அவ்வாண்டிலேயே. ஆசிரியர் அருகிருக்கக் கேட்டு, வினவி, மீண்டும் வாசிக்கும் இம்முறை ஹாலேயிலிருந்து வந்ததன்று. நூல் பயிலும் இயல்பாக நன்னூல் கூறும் முறைக்கே இது நெருக்கமானது.

திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதலில் மனத்தில் பதிவிக்கப்பட்டன. பொருள் பின்னரே தெளிவானது. பொருளுணராத மனனத்தை ஹாலே மரபு ஐயத்தோடு நோக்கியது. எனினும் ஞானோபதேசத்தைக் கற்பிப்பதற்கு அதுவும் மனனத்தையே நம்பியது. ஆகவே தரங்கம்பாடிப் பள்ளிகளில் இரு மரபுகளும் மோதிக்கொள்ளாமல் இணைந்தன. லூத்தரின் சிறிய ஞானோபதேசம் சிறுவர்களின் வாயில் ஏறிய முறை நீதிநூல்கள் ஏறிய முறையேயாகும். வேறுபாடு வினாவில் இருந்தது. ஞானோபதேசம் வினா விடையாக அமைந்ததால், மனனம் செய்த பகுதியின் பொருளைச் சொல்லுமாறு மாணவரைக் கேட்பது எளிதாயிற்று. 1707இலேயே பெண்குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்ணும் தானே வாசித்துப் பயனடைய வேண்டும் என்னும் கருத்து, வாசிப்பு முறையிலிருந்து நேராகப் பிறந்த நடைமுறையாகும்.

நூலின் பயனை ஒழுக்கத்தில் தேடும் நோக்கு தமிழரிடமும் உறுதியாக இருந்தது. 1712க்கும் 1714க்கும் இடையே சீகன்பால்கும் அவருடைய உடன்பணியாளர் குருண்ட்லரும் சமயம், சமூகம் குறித்து விடுத்த வினாக்களுக்குத் தமிழர் பலர் கடிதங்கள் வாயிலாக விடையளித்தனர். அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் ஹாலேயில் வெளியிடப்பட்டன. தரங்கம்பாடியில் வாழ்ந்த ஐரோப்பியரின் நடத்தையை அக்கடிதங்களில் சில கடுமையாகக் குறைகூறுகின்றன. நூல் நல்லதாயின் அதனை உடையோரின் வாழ்வு ஏன் அவ்வாறில்லை என்னும் அவ்வினா, ஃபிராங்கேயின் ஏழாவது வாசிப்பு எழுப்பும் வினாவேயன்றி வேறன்று.

அச்சும் ஓலையும்: இராஜநாயக்கனின் வாசிப்பு

1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைச் சீகன்பால்கு 1711 மார்ச்சில் முடித்தார். கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் இலண்டனிலிருந்து அனுப்பிய அச்சுப்பொறி 1712இலும், ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் 1713இலும் வந்துசேர்ந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாயிருந்ததால் தாள் மிகுதியாகத் தேவைப்பட்டது. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715இலும் வெளிவந்தன. 1719இல் சீகன்பால்கு மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் நூல்வரையே மொழிபெயர்ப்பு முடிந்திருந்தது. பெஞ்சமின் சூல்ட்ஸ் எஞ்சியதை நிறைவேற்றி 1728க்குள் அச்சிட்டார்.

இந்நூல்கள் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்பதற்கு இராஜநாயக்கனின் வரலாறு ஒப்பற்ற சான்று. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர்; கத்தோலிக்கர்; தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திகளும் நடபடிகளும் அடங்கிய நூல் அவருக்கு இரவலாகக் கிடைத்தது. அதனை அவர் வாசித்ததோடு ஓலையில் படியெடுத்தும் வைத்துக்கொண்டார். அவ்வாசிப்பின் விளைவாகத் தரங்கம்பாடிப் பணியாளரோடு தொடர்புகொண்டு 1727இல் லுத்தரன் சபையில் இணைந்தார். பின்னர் நெடுங்காலம் உபதேசியாராகப் பணிபுரிந்தார்.

இந்நிகழ்வில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, அச்சிலிருந்து ஓலைக்குச் சென்ற பயணம். அச்சு ஓலையை அகற்றிவிட்டது என்னும் பொதுக்கருத்துக்கு மாறாக, அச்சுநூல் இங்கு ஓலைக்கு மூலப்படியாக விளங்கியது. இரண்டாவது, படியெடுத்தலே வாசிப்பின் ஒரு வடிவமாக நிகழ்ந்தது. எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறும்போது விரைந்த வாசிப்புக்கு இடமில்லை. மடத்துத் துறவியர் தியானம் என்று கூறியதும் தமிழாசிரியர் அசைபோடுதல் என்று கூறியதும் இதில் ஒருசேர அமைந்தன. மூன்றாவது, அவ்வாசிப்பைத் தொடங்கிவைத்தவர் மறைப்பணியாளர் எவருமல்லர். நூல் தன் ஆசிரியரின்றியே பயணம் செய்து, ஆசிரியரற்ற வாசகர் ஒருவரை உருவாக்கியது. வாசித்தல் முதற்படி என்னும் ஹாலேயின் நம்பிக்கைக்குத் தமிழ் மண்ணில் கிடைத்த வலுவான சான்று இதுவாகும்.

அவ்வாறு உருவான உபதேசியார்கள் மீண்டும் கேட்டல் மரபுக்கே பணியாற்றினர் என்பதையும் நோக்க வேண்டும். எழுத்தறியாதோர் பெரும்பான்மையாயிருந்த சிற்றூர்களில் உபதேசியார் வாய்விட்டு வாசித்தார்; மக்கள் கேட்டு மனத்தில் கொண்டனர். ஒருவர் வாசிப்பு பலருடைய கேள்வியாயிற்று. எழுத்தறிவு பெற்றோரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இச்சபைகளின் மறைநூல் அறிவை அளவிடுவது பொருந்தாது.

இக்காலத்தில் கத்தோலிக்கத் தரப்பிலும் பயன் கருதிய நூல்கள் தோன்றின. வேதியர்களின் வாழ்வையும் கடமையையும் வலியுறுத்தி வீரமாமுனிவர் எழுதிய 'வேதியரொழுக்கம்' தமிழ் உரைநடை வரலாற்றிலும் இடம்பெற்றது. 'வேத விளக்கம்' என்னும் நூலில் அவர் லுத்தரன் கொள்கைகளை மறுத்ததோடு அவர்களது மொழிபெயர்ப்புத் தமிழையும் எள்ளினார். மறைநூலை வாசிப்போர் பெருகியபோது அதன் தமிழ் எத்தகையதாயிருக்க வேண்டும் என்னும் வினாவும் உடன் எழுந்தது.

'பக்திவிருத்தி' என்னும் சொல்

ஹாலே மரபு வாசிப்பின் பயனைக் குறிக்க ஆண்ட சொல் 'எர்பவுங்'. கட்டியெழுப்புதல் என்பது அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் 'ஒய்கொதொமே' என்னும் சொல் வீடு கட்டுதலைக் குறிப்பது. பவுல் அதனைத் திருச்சபையின் வளர்ச்சிக்கு உருவகமாக்கினார். ஸ்பெனர் தம் கூட்டங்களுக்கு முன்மாதிரியாகக் கொண்ட கொரிந்தியர் முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் இச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது.

தமிழ்ப் புராட்டஸ்தாந்தர் இன்றும் பரவலாகப் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் அவ்வதிகாரத்தில் அமைந்துள்ள சொல் 'பக்திவிருத்தி'. கட்டடம் என்னும் உருவகம் இங்கு மறைந்து வளர்ச்சி என்னும் கருத்து முன்வருகிறது. இம்மாற்றத்தைப் பிழை என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் விளைவு கருதத்தக்கது. கட்டடம் பலர் கூடி எழுப்புவது. கல் ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தாங்குவது. பக்தி என்பதோ தமிழ் மரபில் அடியாருக்கும் இறைவனுக்கும் உள்ள நெருக்கமான உறவைச் சுட்டுவது. எனவே பவுலின் சொல்லில் மேலோங்கியிருந்த கூட்டுப்பொருள், தமிழ்ச் சொல்லில் தனியொருவரின் உள்ள வளர்ச்சி என்னும் பொருளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதே வேளையில், பக்தி இலக்கியத்தின் நீண்ட மரபில் வாழ்ந்த தமிழர்க்கு இச்சொல் வாசிப்பை அறிவுத்தளத்திலிருந்து உணர்வுத்தளத்துக்கு எளிதாகக் கொண்டுசென்றது. நூலை ஓதுதல், பாடுதல், உருகுதல் ஆகியன தொடர்ச்சியான செயல்களாயின.

வாசகரின் உரிமை: மொழிபெயர்ப்புப் பிணக்கு

1740இல் தமிழகம் வந்து சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய யோகான் பிலிப் ஃபப்ரிசியுஸ், முந்தைய மொழிபெயர்ப்பை மூலமொழிகளோடு ஒப்பிட்டு முற்றிலும் திருத்தினார். தம் வரைவைத் தமிழர்முன் வாசித்துக்காட்டி, அவர்கள் கேட்டுக் கூறியவற்றையும் கருதித் திருத்துவது அவருடைய வழக்கம். 1761இல் புதுச்சேரியிலிருந்து கைப்பற்றப்பட்ட அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தமை இப்பணிகளுக்குத் துணையாயிற்று. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. மூலத்தோடு மிக நெருங்கிநின்ற அதன் நடை பொதுத்தமிழ் வழக்கிலிருந்து விலகியிருந்தாலும், இரு தலைமுறைகளின் வாசிப்பாலும் மனனத்தாலும் அது சபைகளின் சமயமொழியாக நிலைபெற்றது.

1814இல் சென்னைக்கு வந்து 1820இல் பாளையங்கோட்டையில் பணியைத் தொடங்கிய ரேனியுஸ் வேறொரு கொள்கையைக் கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பு தமிழின் இயல்பான தொடரமைப்பைப் பின்பற்ற வேண்டும். சபைக்கு வெளியே உள்ளோரும் தடையின்றி வாசித்து உணர வேண்டும் என்று கருதிய அவர், மொழிபெயர்ப்பு நெறிகள் குறித்து 1827இல் தனிநூலே எழுதினார். அவருடைய திருத்தங்களைத் தஞ்சைக் கிறித்தவர் ஏற்கவில்லை. எதிர்ப்பின் முதன்மைக் குரல் வேதநாயகம் சாஸ்திரியாருடையது. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சையில் ஆசிரியராகவும் கிறித்தவக் கவிஞராகவும் புகழ்பெற்ற அவர், தம் முன்னோர் பயின்ற நூலின் சொற்களைப் புதியவர் மாற்றுவதைக் கண்டித்து எழுதினார்.

இப்பிணக்கைப் பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் காண்பது போதாது. இரு தரப்பும் வாசிப்பின் பயனையே பேசின. ரேனியுஸின் நோக்கில் பயன் என்பது பொருள் விளங்குதல். இனி வரவிருக்கும் வாசகரே அவர்முன் நின்றார். சாஸ்திரியாரின் நோக்கில் பயன் என்பது ஏற்கெனவே உள்ளத்தில் ஊறிய சொல்லின் தொடர்ச்சி. மனனம் செய்த வசனமும், மன்றாட்டில் எடுத்தாண்ட தொடரும், கீர்த்தனையில் இசைந்த சொல்லும் அவர்க்குப் பிரிக்கவியலாதவை. அசைபோட்டுச் செரித்த உணவைத் திரும்பக் கேட்பது போன்றதே சொல்மாற்றம் என்று அவர் தரப்பின் உணர்வை விளக்கலாம். ஐரோப்பியர் கொடுத்த நூலின் சொற்களுக்குத் தமிழ் வாசகர் ஐரோப்பியருக்கு எதிராகவே உரிமை கோரினர். வாசிப்பு முறை தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்த பின்னரும் தமிழ் லுத்தரன் சபைகள் ஃபப்ரிசியுஸின் விவிலியத்தைக் கைவிடாது போற்றின.

செயல்முறை வாசிப்பும் சாதியும்

வாசகரின் இவ்வுரிமைக் கோரிக்கையைப் போற்றுவதோடு நின்றுவிடின் வரலாறு பாதியே கூறப்பட்டதாகும். சாஸ்திரியாரின் 1829ஆம் ஆண்டு எழுத்துகளில் மொழிபெயர்ப்பு மாற்றம் தனித்து நிற்கவில்லை. சபைக்குள் சாதி வேறுபாடுகளை நீக்கப் புதிய பணியாளர்கள் செய்த முயற்சிக்கான எதிர்ப்பும் அதனோடு பிணைந்திருந்தது. நூலின் சொல்லைக் காத்த அதே வாசகர் சமூகம் சாதி முறைமையையும் காக்க முற்பட்டது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது.

இப்பொறுப்பைத் தமிழ்க் கிறித்தவர்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. 1733இல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார், அவர் வேளாளர். அடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது இராஜநாயக்கனின் தகுதியை மறைப்பணியாளர் நன்கறிந்திருந்தனர். ஆனால் பறையர் ஒருவரின் கையிலிருந்து திருவிருந்து பெறப் பிற சாதியார் மறுப்பர் என்னும் கருத்து முன்னின்றது. 1741இல் தியோகு திருநிலைப்படுத்தப்பட்டார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே நீடித்தார். அச்சுநூலைத் தாமே தேடி வாசித்து, ஓலையில் எழுதி, வாழ்வையே மாற்றிக்கொண்ட வாசகர்க்கு அவ்வாசிப்பை முதலில் வகுத்தளித்த மரபே வாயிலை அடைத்தது.

ஃபிராங்கேயின் ஏழு வாசிப்புகளில் இறுதியானது வாழ்வில் பொருத்துதல். அது நிறைவேறாதவரை முந்தைய ஆறும் பயன்தருவதில்லை என்பதே அம்மரபின் நிலைப்பாடு. அவ்வளவுகோலை அம்மரபின்மீதே வைத்து நோக்கினால், இலக்கணத்திலும் மொழிபெயர்ப்பிலும் கோட்பாட்டிலும் மன்றாட்டிலும் ஆழ்ந்த வாசிப்பை உருவாக்கிய 18ஆம் நூற்றாண்டுத் தமிழ் லுத்தரன் சபை, இறுதி வாசிப்பில் இடறியது தெளிவாகும். பக்திவிருத்தி என்னும் சொல்லில் பின்னொதுங்கிய கூட்டுப்பொருளை, அதாவது ஒருவரையொருவர் கட்டியெழுப்புதலை, இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

முடிவுரை

பயன் கருதிய மறைநூல் வாசிப்பு மடத்தில் ஏணியாகவும், லூத்தரிடம் சோதனையில் முடியும் பயிற்சியாகவும், ஹாலேயில் எளியோர்க்கான முறையாகவும் வடிவம் மாறியது. தமிழகத்தில் அது கேட்டல், மனனம், படியெடுத்தல், கூட்டு வாசிப்பு ஆகியவற்றோடு இணைந்து, ஐரோப்பிய முன்மாதிரிகளிலிருந்து வேறுபட்ட வாசகரை உருவாக்கியது. இராஜநாயக்கன் அவ்வாசகரின் ஒரு முகம். வேதநாயகம் சாஸ்திரியார் மற்றொரு முகம். முன்னவர் நூலைத் தாமே கண்டடைந்தார். பின்னவர் நூலின் சொல்லுக்குக் காவலராக நின்றார். இருவரையும் ஒரே வாசிப்பு மரபே உருவாக்கியது. இருவருக்குமிடையே சாதி நின்றது.

ஆகவே தமிழ் வாசிப்பு வரலாற்றை எழுதுவோர் அச்சுப்படிகளையும் எழுத்தறிவையும் கணக்கிடுவதோடு, வாசிப்புக்கு வகுக்கப்பட்ட நோக்கத்தையும் அந்நோக்கம் நிறைவேறிய எல்லையையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். ஹாலே ஃபிராங்கே நிறுவனங்களின் ஆவணக்காப்பகத்தில் உள்ள மறைப்பணியாளர் நாட்குறிப்புகளும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இவ்வாய்வுக்குரிய முதன்மைச் சான்றுகள். அவற்றில் மறைப்பணியாளரின் குரலைக் கேட்பதோடு, சிற்றூர்களில் வாய்விட்டு வாசித்த உபதேசியார்களையும் அவர்கள் வாசிக்கக் கேட்டு மனத்தில் கொண்ட மக்களையும் தேடிக் காண்பது அடுத்தகட்டப் பணியாக அமையும்.